இரண்டு மருந்துக்கு ஒரு பாட்டில்

என் அக்கா பேத்தி வசந்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மாத்திரைகளைப் பத்துப் பத்தாகத் தகட்டில் அடைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, உடைந்தது, ஓரம் போனது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவது அவள் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலுக்கு என்னைப் பார்க்க வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கேட்டாள்.

“தாத்தா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் கம்பவுண்டரா இருந்தீங்களே, மேலே இருக்கறவங்க கிட்ட எப்படி நல்ல பேரு வாங்கனீங்க? எங்க சூப்பர்வைசரு என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்றாரு.”

“நேரத்துக்குப் போ. குனிஞ்ச தலை நிமிராம வேலை செய். எதுத்து ஒரு கேள்வி கேக்காதே” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டு நாலரை மணி ரயிலுக்கு ஓடினாள்.

அவள் போன பிறகு எனக்குச் சோறு செரிக்கவில்லை. சொன்ன மூன்றையும் ஒரு குறையில்லாமல் செய்தவன் நான். அப்படிச் செய்துதான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன். அதை அவளிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். உட்காரவைத்துச் சொன்னால் கொட்டாவி விடுவாள். எழுதி வைத்தால் என்றைக்காவது படிப்பாள் என்று இதை எழுதுகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய சமாசாரம். எங்கள் வீட்டில் எல்லாரும் ஏர் பிடித்தவர்கள். எனக்கு மட்டும் ஏர் கோணலாகப் போகும், எழுத்து நேராக வரும். அதனால் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். அளவுகள், சீட்டில் டாக்டர்கள் கிறுக்குகிற சுருக்கெழுத்துகள், எந்த மருந்தோடு எந்த மருந்து சேராது என்கிற நீண்ட பட்டியல் எல்லாவற்றையும் ராகம் போட்டு நெட்டுருச் செய்தேன். பரீட்சையில் ஒப்பித்தேன், பாஸ் செய்தேன், மறந்தேன். அந்தப் பட்டியலையாவது மறக்காமல் இருந்திருக்கலாம்.

பூந்தமல்லியில் சாலை ஓரமாக ஒரு புண்ணியவான் கட்டிவைத்த தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பேர் வேண்டாம். கட்டடமே இப்போது இல்லை. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், புண்ணுக்குக் கட்டுப் போட அந்தோணி என்று ஒருவர், அவ்வளவுதான் நாங்கள். எனக்கு ஆறு மாதம் தற்காலிக வேலை. ஆறாவது மாத முடிவில் டாக்டர் என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதுவார். அதைப் படித்துப் பார்த்து கமிட்டிக்காரர்கள் நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் மூட்டை கட்டச் சொல்வார்கள். ஆவடியில் எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா, “வேலை நெலைக்கட்டும், அப்பாலே தேதி பாக்கலாம்” என்று சொல்லிவிட்டார். ஆகவே டாக்டரின் கடிதத்தில்தான் என் சம்பளமும் இருந்தது, என் கல்யாணமும் இருந்தது.

டாக்டர் தேவசகாயம் கத்த மாட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாராக இருந்தாலும் ‘நீங்க’தான். மாடு மேய்க்கிறவரையும் ‘நீங்க’ என்பார், அவர் மாட்டைக்கூட மரியாதையாகத்தான் விசாரிப்பார். கோபம் வந்தால் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுப்பார். ஏற்கெனவே முழுக்க முறுக்கிய கடிகாரத்தை எவ்வளவு முறுக்க முடியும்? விரல் மட்டும் சும்மா அசையும், அவ்வளவுதான் கோபம். குறையும் அவரிடம் இல்லாமல் இல்லை. பஞ்சு விஷயத்தில் மகா கருமி. கட்டி கீறும்போது கிறிஸ்தவ ஞானப்பாட்டு பாடுவார், சுதி நாலு பக்கமும் ஓடும். கட்டி வலிப்பதைவிட அது வலிக்கிறது என்பார் அந்தோணி. அப்புறம் அந்தச் சைக்கிள். சீமையிலிருந்து வந்த கறுப்புச் சைக்கிள். வேப்பமரத்தில் சாத்தி வைத்திருப்பார். தினமும் தானே துடைப்பார், தானே எண்ணெய் விடுவார். வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் காக்கையை விரட்டப் போன அந்தோணி மணியில் கை பட்டு அது ‘கிணிங்’ என்றதற்கு, உள்ளே டாக்டர் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுபோனது.

இந்த மனிதரிடம் நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். அவர் எட்டு மணிக்கு வருவார், நான் ஏழுக்கே திறந்தேன். அலமாரியில் இருந்த சாடிகளையெல்லாம் இறக்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்து, லேபிள்களைப் புதிதாக எழுதி ஒட்டினேன். அவர் கையை நீட்டுவதற்கு முன்பே துண்டை நீட்டினேன். மை தீருவதற்கு முன்பே மை ஊற்றினேன். ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே!

“இன்னா நைனா, டாக்டருக்குத் தும்மல் வந்தா நீயே தும்மிடுவ போலக் கீதே” என்பார் அந்தோணி.

இவ்வளவு செய்தும் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு மணி நெருங்கினால் அவர் எழுந்து வந்து என் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற வரிசையைப் பார்ப்பார். பிறகு கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். உச்சி நேரத்துக்குள் கூட்டம் கலையாவிட்டால் சாவி கொடுக்க ஆரம்பித்துவிடுவார். ஆக, மனுஷனுக்கு வேண்டியது வேகம் என்று முடிவு கட்டினேன்.

இங்கே அந்தக் காலத்து வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது மாதிரி மருந்து தயாராகத் தகட்டில் வராது. டாக்டர் சீட்டு எழுதுவார், நான் அளந்து கலந்து தண்ணீர் மருந்தாகக் கொடுப்பேன். பாட்டில் நோயாளி கொண்டுவர வேண்டும். பிராந்தி பாட்டில், தைலப் பாட்டில், கிரோசின் வாடை போகாத பாட்டில் என்று என்னென்னவோ வரும். கழுவி, ஊற்றி, பாட்டில் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தை நீளமாக நறுக்குவேன். அதை வேளைக் கணக்குக்கு மடித்து, மடிப்பு ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு. பிரித்தால் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். அதைப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிவிட்டால், ஒரு பல்லிலிருந்து அடுத்த பல் வரைக்கும் ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். சாடியை எடுக்கும்போது ஒரு தடவை, ஊற்றும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை என்று மூன்று முறை லேபிளைப் படிக்க வேண்டும். அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். இதிலெல்லாம் நான் ஒரு நாளும் தப்பியதில்லை. நான் தப்பியது வேறு இடத்தில்.

ஆறாவது மாதம் பிறந்திருந்தது. வேலப்பன்சாவடியிலிருந்து பச்சையம்மா என்கிற பெண்பிள்ளை தன் புருஷனுக்காக வந்திருந்தாள். புருஷன் மன்னார், வண்டிக்காரர். பட்டணத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகிறவர். நெடுநாள் காய்ச்சல் விட்ட பிறகு கைகால் ஓய்ந்து, கயிறு பிடிக்க முடியாமல் நடுக்கம். டாக்டர் முந்தின வாரமே வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தார். இரண்டு மருந்து எழுதினார். ஒன்று நரம்புக்குத் தெம்பு தருவது, எட்டிக்கொட்டையின் சத்து கலந்தது. மற்றது படபடப்பை அடக்குகிற ஒரு உப்பு. முதலாவது சாப்பாட்டுக்கு முன், இரண்டாவது சாப்பாட்டுக்குப் பின். எட்டி என்றால் விஷம் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். துளிக் கணக்கில் கொடுத்தால்தான் அது மருந்து.

பச்சையம்மா ஜன்னலில் ஒரே ஒரு பாட்டிலை நீட்டினாள்.

“இன்னொரு பாட்டில் எங்கம்மா? ரெண்டு மருந்து எழுதியிருக்காரே.”

“ஒண்ணுதான் எடுத்தாந்தேன் ஐயா. ஊட்டுக்குப் போயி எடுத்துகினு வரணும்னா பொழுது சாஞ்சிடும். அதுக்குள்ள நீ பூட்டிகினு போயிடுவ.”

அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். வாசற்படியில் டாக்டர் வந்து நின்று, வரிசையைப் பார்த்துவிட்டு, பையில் கை விட்டார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. “சார், ஒரே பாட்டில்தான் இருக்கு, என்ன செய்யலாம்?” என்று கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் நின்றார். கேட்கவில்லை. இரண்டும் வயிற்றுக்குள் போய் ஒன்றாகத்தானே சேரப் போகிறது என்று நினைத்து, இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்தேன். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. ஆறு பல் வெட்டி ஒட்டினேன். “மூணு வேளை, ரெண்டு நாளைக்கு. சாப்பிட்டதும் குடிக்கச் சொல்லு” என்று நானே ஒரு நேரமும் வகுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? அவள் மறுபடி வரும்போது காத்திருக்க வேண்டாம் என்று, அதே கலவையை இன்னொரு தடவைக்கும் சேர்த்துத் தயார் செய்து, வெளியே கொடுக்கக் கூடாத ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். இந்த முன்யோசனையை டாக்டர் பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

வரிசை பன்னிரண்டுக்குக் கலைந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். அன்றைக்கு நான் இரண்டு பிடி அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள், கூட்டம் குறைவு. பதினொன்றரைக்கே ஜன்னல் காலி. அந்தக் கண்ணாடிப் பாட்டிலை டாக்டர் கண்ணில் படுகிற மாதிரி முன் வரிசைக்கு நகர்த்தலாம் என்று எடுத்தேன். அடியில் என்னவோ மினுங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லிசான ஊசி ஊசியாகப் படிகம், கல்லுப்பை நூலாக இழைத்தது போல. மேலே தெளிந்த தண்ணீர்.

அப்போதுதான் ராகம் போட்டுப் படித்த அந்தப் பட்டியல், எங்கே ஒளிந்திருந்ததோ, வரி தப்பாமல் வந்தது. எட்டிச் சத்தையும் அந்த உப்பையும் ஒன்றாக வைத்தால் சத்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். முதல் ஐந்து வேளையும் வெறும் தண்ணீர். ஆறாவது வேளையில் மொத்த விஷமும்.

விரல் விட்டு எண்ணினேன். நேற்று இரண்டு வேளை, இன்று மூன்று, கடைசி வேளை நாளைக் காலையில். நேரம் இருக்கிறது என்று ஒரு மூச்சு வந்தது. மறு நிமிஷம் அதுவும் போயிற்று. எங்கள் ஊர் ஜனங்கள் சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு வேளையை ஒன்றாக ஊற்றிக் குடிப்பவர்கள் என்று எனக்குத் தெரியாதா?

உண்மையைச் சொல்கிறேன். அப்போது என் மனதில் ஓடியது, டாக்டருக்குத் தெரியாமல் இதை எப்படி முடிப்பது என்பதுதான். ஓடிப்போய்ப் பாட்டிலை வாங்கி, கொட்டிவிட்டு, வேறு மருந்து கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கடிதம் எழுத இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். வேலப்பன்சாவடி மூன்று மைலுக்குக் குறையாது. நடந்தால் ஒரு மணி நேரம். ஓடினாலும் எனக்கு முக்கால் மணி ஆகும். ஜட்கா பிடிக்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். வேப்பமரத்தடியில் அந்தச் சைக்கிள் பளபளவென்று நின்றது.

டாக்டரின் சைக்கிளைக் கேட்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். திரும்பி உள்ளே போனேன்.

டாக்டர் ஒரு கிழவரின் கட்டியைக் கீறிப் பாடிக்கொண்டிருந்தார். “சார், உங்க சைக்கிள் வேணும்” என்றேன். பாட்டு நின்றது. பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன். வாய் குழறி, முன்னுக்குப் பின்னாக, எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், அலமாரியில் வைத்தது உன்னை மெச்சவைக்கத்தான் என்பது வரைக்கும். பதற்றத்தில் ‘உன்னை’ என்றே சொல்லிவிட்டேன்.

அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடிகாரத்தைத் தொடவில்லை. “எத்தனை வேளை?” என்றார். ஆறு என்றேன். “குலுக்கிக் குடிக்கச் சொன்னீங்களா?” இல்லை என்றேன். “எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?” தெரியாது என்றேன்.

“சைக்கிளை எடுங்க. பாட்டிலைக் குலுக்காம வாங்கி வைங்க. ஏற்கெனவே குடிச்சிருந்தா இருட்டான இடத்துல படுக்க வைங்க, யாரும் அவரைத் தொடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, வலிப்பு வந்துடும். நான் ஜட்காவுல வயித்தைக் கழுவற கருவியோட பின்னாலேயே வர்றேன்.” அந்தோணியிடம் திரும்பினார். “நீங்க இந்தப் பெரியவருக்குக் கட்டு போடுங்க. பஞ்சு தாராளமாப் போடுங்க.” பஞ்சைத் தாராளமாகப் போடச் சொன்னபோதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

எனக்குச் சைக்கிள் அரைகுறையாகத்தான் வரும். டாக்டர் நெட்டையர், அவருடைய சைக்கிளும் அப்படித்தான். சீட்டில் ஏறினால் கால் எட்டவில்லை. வேட்டியை வரிந்து கட்டி, பாருக்கு அடியில் காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டேன். உச்சி வெயிலில், கோட்டு போட்ட கம்பவுண்டர், டாக்டரின் சீமைச் சைக்கிளில் குரங்குப் பெடல். சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு வைக்கோல் வண்டிக்கு ஒதுங்கப் போய்ப் புளியமரத்தில் மோதி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. எழுந்து மறுபடி மிதித்தேன். அந்த மூன்று மைலும் நான் வேண்டாத சாமி இல்லை. எல்லா மதத்துச் சாமியையும் வேண்டினேன்.

மன்னாரின் வீட்டுக்கு முன்னால் வண்டி நுகத்தடி தரையில் ஊன்றிக் கிடந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மன்னார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே சாப்பிட்டு முடித்த தட்டு. பச்சையம்மா ஒரு லோட்டாவில் மருந்தை ஊற்றி வைத்துவிட்டு, காலிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரலால் வாயை அடைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் ஒட்டியது வீணாகப் போகக் கூடாதாம். அந்தக் கழுவின தண்ணீரையும் லோட்டாவில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“குடிக்காதே!” என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே மாடு மிரண்டது. லோட்டாவைத் தட்டிப் பறித்தேன். பாதி என் கோட்டில் கொட்டியது.

“இன்னாய்யா இது, மருந்தைக் குடுக்கறதும் நீயி, புடுங்கறதும் நீயா?” என்றார் மன்னார்.

“எவ்ளோ குடிச்சீங்க? இதுக்கு முன்ன எவ்ளோ?”

“நேத்து ரெண்டு வாட்டி, காலீல ரெண்டு வேளையைச் சேத்துக் குடுத்தேன்” என்றாள் பச்சையம்மா. “இப்ப கடைசி ரெண்டையும் ஒண்ணா ஊத்தினேன். நாளைக்கு வண்டி கட்டியே ஆவணும்னு நிக்கிறாரு. ஏன் ஐயா, இன்னா ஆச்சு?”

அவளிடம் என்ன சொல்வது? பொய் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் ஜட்கா வந்து நின்றது. டாக்டர் பையோடு இறங்கி, நேரே மன்னாரிடம் போய்க் கண்ணைப் பார்த்தார், தாடையைத் தொட்டுப் பார்த்தார், முழங்காலில் மெல்லத் தட்டிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த லோட்டாவை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். அடியில் ஊசிகள் மினுங்கின. அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா, மருந்து தப்பாக் கலந்து வந்துடுச்சு. கடைசி வாய் உள்ளே போயிருந்தா ஆபத்து. தப்பு எங்க மேல. நீங்க ஒண்ணும் தப்பு செய்யலை” என்றார்.

பச்சையம்மா கத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “ரெண்டு பாட்டில் கண்டிப்பா வேணும்னு சொல்லியிருந்தா, அக்கம்பக்கம் யாரைனா கேட்டு வாங்கியாந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு பாட்டில்தானே ஐயா” என்றாள். நான் அழுதேன். இருபத்திரண்டு வயசுக்காரன், கோட்டு போட்டுக்கொண்டு, ஊர்க்காரர்கள் பார்க்க அழுதேன்.

டாக்டர் உடனே திரும்பவில்லை. குடித்த நாலு வேளையில் எவ்வளவு போயிருக்குமோ என்று, வெளியே வண்டி நுகத்தடியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் காத்திருந்தார். அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே போய் மன்னாரைப் பார்த்தார். பச்சையம்மா மோர் கொடுத்தாள், இரண்டு பேருக்கும்தான். வெயில் தாழ்ந்த பிறகு டாக்டர் எழுந்தார். “ஒண்ணும் ஆகாது. நாளைக்கு நானே மருந்து கொண்டாறேன். வண்டி கட்டறது அடுத்த வாரம்” என்றார்.

வெளியே வந்தவர் சைக்கிளைப் பார்த்தார். புளியமரத்தில் மோதியதில் முன் மட்கார்டு வளைந்து சக்கரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரம் வெளியே வந்தது. சாவி கொடுத்தார், கொடுத்தார், கொடுத்துக்கொண்டே இருந்தார்.

“மட்கார்டு வளைஞ்சிருக்கே, தணிகாசலம்.”

“சரி பண்ணிக் குடுத்துடறேன் சார்.”

“நீங்க தொடவேண்டாம்.”

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த திட்டு. ஜட்காவைக் காலியாக அனுப்பிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் நொண்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில், சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

“பன்னெண்டு மணிக்கு நான் கடிகாரம் பாக்கறது உங்களை அவசரப்படுத்த இல்லை. அவங்க யாருக்கும் கால்ல செருப்பு கிடையாது. மணி பன்னெண்டுக்கு மேல இந்த ரோடு எப்படிச் சுடும்னு நெனைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பேன். வரிசை பெருசா இருந்தா, காலையில நான்தான் மெதுவாப் பாத்திருக்கேன்னு அர்த்தம். நீங்க ஏன் ஓடினீங்க?”

ஐந்து மாதமாக அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று பாடுபட்டவன், அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நாள் ரிஜிஸ்தரை என் முன்னால் வைத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். அழகான எழுத்தில் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். இது கமிட்டிக்குப் போகும், ஆவடிக் கல்யாணம் போனது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் தச்சரைக் கூப்பிட்டு என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்தார். கழுவின காலிப் பாட்டில்கள் வைப்பதற்கு. பாட்டில் இல்லாதவர் யாரும் இனிமேல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பலகை அடித்தாரே தவிர, பாட்டிலுக்கு வழி? பத்து நாள் கழித்து ஒரு வைக்கோல் வண்டி வாசலில் நின்றது. மன்னார் கயிற்றை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பட்டணத்திலிருந்து திரும்புகிற வழியில் தெருத்தெருவாகக் கேட்டு ஒரு கூடை நிறையக் காலிப் பாட்டில் வாங்கி வந்திருந்தார்.

“இந்தா நைனா. இனிமே ஒருத்தருக்கு ரெண்டு மூணு பாட்டில்னாலும் குடு. என்னாண்ட சொல்லு, எடுத்தாந்து போடறேன். ஆனா ஒண்ணா மட்டும் கலந்துடாதே, சாமி” என்று சிரித்தார். நான் கூடையை இறக்கிப் பாட்டில்களைக் கழுவ எடுத்துப்போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கூடை வந்தது.

டாக்டரின் கடிதம் போயிற்று. ரிஜிஸ்தர் நகலும் கூடவே போயிற்று. கமிட்டியில் என்ன பேசினார்களோ, என்னை நிரந்தரம் செய்தார்கள். தை மாதம் கல்யாணம் ஆயிற்று. கடிதத்தில் என்னைப் பற்றி ஒரே வரிதான் இருந்ததாம், கமிட்டிக் குமாஸ்தா பின்னால் சொன்னார். ‘கேட்காததையும் வந்து சொல்கிறவர்’ என்பது அந்த வரி.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முள்ளாகக் குத்தியது. நான் எங்கே வந்து சொன்னேன்? மறைக்கத்தான் பார்த்தேன். சைக்கிள் தேவைப்படாமல் இருந்திருந்தால் அந்த மனுஷரிடம் வாயே திறந்திருக்க மாட்டேன். திருட்டுப் பொருளை வீட்டில் வைத்திருப்பவன் மாதிரி அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். நாளடைவில் அவரிடம் நிறையக் கேள்வி கேட்டேன். சில நாள் தொல்லை தாங்காமல் சாவி கொடுப்பார். அவர் பாட்டின் சுதியைத் தவிர வேறு எல்லாம் எனக்குப் பிடித்துப்போனது. சைக்கிளைத் துடைக்கிற வேலையைக்கூட எனக்குக் கொடுத்தார். மட்கார்டில் அந்த நெளிவு கடைசி வரைக்கும் இருந்தது.

யுத்தம் முடிந்த வருஷம் அவர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார். சாமான்களை ரயிலுக்கு ஏற்றிப் போக மன்னார்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பெட்டி, நாற்காலி, ஞானப்பாட்டுப் புத்தகம் எல்லாம் ஏறின. கடைசியாகச் சைக்கிளை நானும் மன்னாரும் தூக்கி வைத்தோம். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

“சார், ஒரு விஷயம். அன்னிக்கு நான் யோக்கியனா வந்து சொல்லலை. உங்களுக்குத் தெரியாம முடிச்சுடலாம்னுதான் வாசல் வரைக்கும் போனேன். சைக்கிள் வேணுமேன்னுதான் திரும்பி வந்தேன். நீங்க எழுதின அந்த வரி எனக்குச் சேராது சார்.”

டாக்டர் கடிகாரத்தை எடுத்தார். நான் பயந்துபோனேன். அவர் மணி மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

“வாசல் வரைக்கும் போனதை ஜன்னல் வழியாப் பாத்தேன்” என்றார். “அந்தச் சைக்கிளுக்குப் பூட்டே கிடையாது, தணிகாசலம். மரத்துலதானே சாத்தியிருந்தது.”

பிறகு வண்டியில் ஏறி மன்னார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பூட்டு கிடையாது என்று எனக்கும் தெரியும். எத்தனையோ வருஷம் அதைத் துடைத்தவன் நான். எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.